சந்தைச் செய்தியும் கிராமத்தின் வரவும்

(வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர், திருவண்ணாமலை)

உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. மழை பொய்ப்பதாலும் பூச்சி விழுவதாலும் நேரும் நஷ்டத்தை நாம் கண்ணால் காண்கிறோம். ஆனால் நன்றாக விளைந்த பொருளை, அதன் அன்றைய விலை இன்னதென்று அறியாமல் விற்பதால் நேரும் நஷ்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாத நஷ்டத்திற்கு யாரும் பரிகாரம் தேடுவதும் இல்லை. விளைவைப் பெருக்கக் காட்டும் அக்கறையில் நான்கில் ஒரு பங்கையேனும் விற்பனையில் காட்டினால் நம் குடியானவர்களின் வரவு உயரும் என்பதில் ஐயமில்லை. அதற்கு முதற்படி செய்தி அறிதல். இரண்டாம் படி நம்மிடமுள்ள பொருளைப் பற்றிப் பிறருக்கு அறிவித்தல். இவ்விரண்டையும் குறித்துச் சில விஷயங்களை இங்கே கூற விரும்புகிறேன்.

களத்துமேட்டில் கண்டது

திருவண்ணாமலை வட்டாரத்தில் மானாவாரி நிலம் மிகுதி. நிலக்கடலை இங்கு முக்கியமான பயிர். அறுவடைக் காலத்தில் ஒரு நாள் சுற்றுப்பயணத்தின்போது, ஒரு களத்தில் மூட்டைகள் எடை போடப்படுவதைக் கண்டேன். விலை என்னவென்று கேட்டேன். "போன வெள்ளிக்கிழமை பக்கத்து ஊரில் கொடுத்த விலைதான், ஐயா" என்றார் அந்தப் பெரியவர். அன்று செவ்வாய்க்கிழமை. இடையில் விலை ஏறியதா, இறங்கியதா என்பது அவருக்குத் தெரியாது. வாங்க வந்தவருக்கு மட்டும் தெரியும். அவருடைய சட்டைப் பையில் கைப்பேசி இருந்தது. அதில் பேரனோடு பேசுவார். சினிமாப் பாட்டுக் கேட்பார். விலை கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அந்தக் குறை அவருடையது அன்று. அவருக்குச் சொல்லவேண்டிய எங்களுடையது.

விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே அமரும்போது, ஒருவருக்கு விலை தெரிந்து மற்றவருக்குத் தெரியாவிட்டால், அது வியாபாரம் ஆகாது. கண் கட்டிய விளையாட்டே ஆகும்.

வடகரையில் நேர்ந்தது

செய்தியின் மதிப்பை ரூபாயில் அளந்து காட்டிய ஓர் உதாரணம் கேரளத்தில் உண்டு. 1997 ஜனவரி 14ஆம் நாள் வடகரைக் கடற்கரையில் 11 மீனவர்கள் தாங்கள் பிடித்த மத்தி மீனுக்கு ஆள் இல்லாமல் அதைக் கடலில் கொட்டினார்கள். அதே வேளையில், 15 கிலோமீட்டருக்கு உட்பட்ட வேறு இரு கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பும் நிலையில் இருந்தார்கள். பொருளும் இருந்தது, பணமும் இருந்தது. இரண்டையும் இணைக்கும் செய்தி ஒன்றுதான் இல்லை.

அந்த ஆண்டு முதல் 2001 வரை அக்கரையோரத்தில் கைப்பேசி படிப்படியாக வந்தது. மீனவர்கள் கடலில் இருந்தபடியே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்டுப் படகைத் திருப்பினார்கள். ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளாதார அறிஞர் இதனை ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். மீனவரின் இலாபம் சராசரி 8 சதவீதம் உயர்ந்தது. வாங்குவோர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது. மீனைக் கொட்டுவது ஏறக்குறைய நின்றுபோயிற்று. விற்றவருக்கும் இலாபம், வாங்கியவருக்கும் இலாபம். வீணானது மட்டுமே மறைந்தது.

வானொலி நெல்லும் ஒலிபெருக்கியும்

செய்தியால் கிராமம் முன்னேறியது புதிய கதை அன்று. 1956இல் அன்றைய பம்பாய் மாநிலத்தின் 5 மாவட்டங்களில் வானொலிப் பண்ணை மன்றங்கள் தொடங்கப்பெற்றன. கிராமத்தார் ஓரிடத்தில் கூடி ஒலிபரப்பைக் கேட்டார்கள், கேட்டதை விவாதித்தார்கள், பின்னர் செய்து பார்த்தார்கள். நம் தஞ்சை மாவட்டத்தில் 1960களில் ஆடுதுறை 27 என்னும் நெல் இரகம் திருச்சி வானொலி வாயிலாகப் பரவியது. குடியானவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டார்கள்.

நமக்கு அண்மையில் உள்ள புதுச்சேரிப் பகுதியில் டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கிற்று. வில்லியனூரில் தலைமை மையம்; சுற்றுக் கிராமங்களில் கிளை மையங்கள். கணிப்பொறியில் வந்த செய்தியை உள்ளூர்ப் பெண்கள் எடுத்து, தமிழில் எழுதி, பலகையில் ஒட்டினார்கள். வீராம்பட்டினம் என்னும் மீனவர் கிராமத்தில், கடல் அலையின் உயரம் இன்னதென்ற செய்தி ஒலிபெருக்கியில் அன்றாடம் அறிவிக்கப்பட்டது. அச்செய்தி அமெரிக்கக் கடற்படையின் வலைத்தளத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

இத்தகைய மையம் இருந்த நல்லவாடு கிராமத்தில், 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைபேசியில் கடல் அபாயத்தை அறிவித்தார். மையத்தின் ஒலிபெருக்கி வழியாக ஊரெங்கும் எச்சரிக்கை செய்யப்பட்டது. மக்கள் மேட்டுப் பகுதிக்கு ஓடினார்கள்; 3,000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த அவ்வூர் பேருயிர்ச் சேதத்திலிருந்து தப்பியது. விலையும் வானிலையும் சொல்வதற்காக வைத்த சாதனம் உயிரையும் காத்தது. நாள்தோறும் பயன்பட்டதனால்தான் அபாய நாளிலும் அது பயன்பட்டது என்பதை நாம் மறக்கலாகாது.

செய்தி மட்டும் போதுமா?

போதாது. இதையும் மறைக்காமல் கூறவேண்டும். மகாராஷ்டிரத்தில் 100 கிராமங்களில் குடியானவர்களுக்கு விலைச் செய்தியைக் கைப்பேசிக்கு அனுப்பிப் பார்த்து, அதன் பலனை 2012இல் வெளியிட்டார்கள். செய்தி பெற்றவர்களுக்குச் சராசரியாகக் குறிப்பிடத்தக்க விலை உயர்வு கிடைக்கவில்லை என்பதே முடிவு.

வடகரையில் பலித்தது இங்கே ஏன் பலிக்கவில்லை என்று சிந்திக்கவேண்டும். படகு வைத்திருந்த மீனவரால் கரையை மாற்ற முடிந்தது. வண்டி இல்லாதவரும், முன்பணம் வாங்கியவரும், பொருளை நான்கு நாள் வைத்திருக்க இடம் இல்லாதவரும் விலையை அறிந்தும் பயன் காண்பது அரிது. ஆகையால் விலைச் செய்தியோடு சேர்ந்து செல்லவேண்டியவை மூன்று: கூட்டாக ஏற்றிச் செல்ல வண்டி, பொருளை வைக்கக் கிடங்கு, அவசரச் செலவுக்குக் கடன். இவற்றுக்கு நம் மாநிலத்தில் ஏற்பாடு உண்டு. 1933ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டத்தின்படி 1936இல் திருப்பூரில் முதல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் அமைந்தது. இன்று 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விற்பனைக் குழுக்கள் இயங்குகின்றன. கூடத்தில் சரியான எடை உண்டு. போட்டி ஏலம் உண்டு. விற்பனைக் கட்டணத்தைச் செலுத்துபவர் வாங்கும் வியாபாரி, குடியானவர் அல்லர். விலை சரியில்லை என்றால் பொருளைக் கிடங்கில் வைத்து அதன்பேரில் பொருளீட்டுக் கடன் பெறலாம். விலை அறிந்தவருக்கு இவை ஆயுதம். அறியாதவருக்கு வெறும் கட்டிடம்.

எங்கே அறிவது?

பத்து இடங்களை நாள்தோறும் தேடிச் சென்று பார்க்க எவருக்கும் நேரம் இராது. நம்பத் தகுந்த நான்கைந்து இடங்களைத் தேர்ந்துகொண்டு, அவற்றின் செய்தி நம்மிடம் தானே வந்து சேரும்படி செய்துகொள்வதே சிறந்த முறை. நம் பகுதிக்கு உகந்தவை வருமாறு:

1. உழவன் செயலி. 2018இல் மாநில அரசு வெளியிட்டது. சந்தை விலை, வானிலை, உரம் மற்றும் விதை இருப்பு, மானியம், பயிர்க் காப்பீடு, வாடகை இயந்திரம் ஆகியவற்றைத் தமிழில் காணலாம்.

2. அக்மார்க்நெட். 2000ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கியது. நாட்டிலுள்ள மண்டிகளின் வரத்தும் விலையும் இதில் நாள்தோறும் பதிவாகின்றன. 2016 ஏப்ரல் 14இல் தொடங்கிய தேசிய வேளாண் மின்னணுச் சந்தையில் நம் மாநிலத்தின் பல விற்பனைக் கூடங்களும் சேர்ந்துள்ளன.

3. கிசான் அழைப்பு மையம். 2004 முதல் இயங்குகிறது. 1800-180-1551 என்ற எண்ணைக் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம். எழுத்தறியாதவருக்கும் இது உதவும்.

4. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம். விதைப்புக்கு முன்னும் அறுவடைக்கு முன்னும் முக்கியப் பயிர்களுக்கு விலை முன்னறிவிப்பை வெளியிடுகிறது. வானிலைக்கு 2019இல் வந்த மேகதூத் செயலி உண்டு.

5. அண்மையிலுள்ள விற்பனைக் கூடமும் உழவர் சந்தையும். உழவர் சந்தை 1999இல் மதுரையில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவியது, திருவண்ணாமலையிலும் உண்டு. அங்கே பலகையில் எழுதப்படும் காய்கறி விலை அன்றைய காலை விலையாகும்.

விலையைப் படிக்கும் முறை

விலை என்பது வெறும் எண் அன்று. நான்கு கேள்விகளைக் கேட்ட பின்னரே அதை நம்பவேண்டும். எந்தத் தேதி விலை? எந்த அளவுக்கு விலை, 80 கிலோ மூட்டைக்கா, 100 கிலோ குவிண்டாலுக்கா? எந்தத் தரத்திற்கு விலை, காய்க்கா, உடைத்த பருப்புக்கா? அன்றைய வரத்து எவ்வளவு? நல்ல காய் 100 கிலோவில் ஏறக்குறைய 70 கிலோ பருப்பே கிடைக்கும். பருப்பு விலையைக் கேட்டுவிட்டுக் காய்க்கு அவ்விலையை எதிர்பார்த்து ஏமாந்தவர் பலர். மத்திய அரசு 2025-26ஆம் ஆண்டு நிலக்கடலைக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். இதுவும் காய்க்கு உரியதே.

பின்னர், கைக்கு எட்டும் விலையைக் கணக்கிடவேண்டும். கீழ்க்கண்ட தொகைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. அன்றைய விலை அல்ல.

களத்தில் 80 கிலோ மூட்டைக்கு 5,600 ரூபாய் தருகிறார்கள் என்று கொள்வோம். அது கிலோவுக்கு 70 ரூபாய். கூடத்தில் குவிண்டாலுக்கு 7,600 ரூபாய். கிலோவுக்கு 76 ரூபாய். 20 மூட்டைக்கு, அதாவது 1,600 கிலோவுக்கு, வித்தியாசம் 9,600 ரூபாய். இதில் வண்டி வாடகை 2,000. ஏற்று இறக்குக் கூலி 800. ஒரு நாள் வேலை இழப்பும் சாப்பாடும் 700. கூடத்திற்காக நன்றாகக் காயவைப்பதால் எடை 2 சதவீதம் குறையும், அதன் மதிப்பு 2,432. ஆகச் செலவு 5,932 ரூபாய். மிச்சம் 3,668 ரூபாய். அந்த ஒரு நாள் அலைச்சலுக்கு இது தக்க ஊதியமே.

ஆனால் 3 மூட்டை மட்டும் வைத்திருப்பவருக்கு வித்தியாசமே 1,440 ரூபாய்தான். வண்டி வாடகைக்கே அது போதாது. அவர் களத்தில் விற்பதைத் தவறென்று நாம் கூற முடியாது. அதே ஊரில் அவரைப்போல் ஆறேழு பேர் சேர்ந்து ஒரே வண்டியில் ஏற்றினால் கணக்கு மாறிவிடும். சிறு விவசாயிக்குச் செய்தி பயன்படவேண்டுமானால் கூட்டுறவு வேண்டும் என்பதை இக்கணக்கே காட்டுகிறது.

காயவைப்பதைப் பற்றி ஒரு சொல். ஈரமான காயில் பூசணம் பிடித்து அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகும். அத்தகைய பொருளை நல்ல வியாபாரி வாங்கமாட்டார். விலை ஏறட்டும் என்று காத்திருக்க விரும்புவோர் முதலில் நன்றாகக் காயவைக்கவேண்டும்.

பஞ்சாயத்து செய்யவேண்டியது

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் நானே முன்னின்று விலைப் பலகை ஒன்றை வைத்தேன். இரண்டே மாதத்தில் அது பயனற்றுப் போயிற்று. எழுதுபவருக்கு நேரம் குறிக்கவில்லை. தேதி எழுதும் வழக்கம் இல்லை. பழைய விலையைப் பார்த்துக் கூடத்திற்குச் சென்று ஏமாந்தவர், பின்னர் பலகையின் பக்கமே திரும்பவில்லை. செய்தி தவறினால் பணம் மட்டுமன்றி நம்பிக்கையும் போய்விடும் என்பதை அன்று உணர்ந்தேன். அந்த அனுபவத்திலிருந்து கீழ்க்கண்ட முறையைச் சிபாரிசு செய்கிறேன்.

முதலாவது, பொறுப்பு ஒருவரிடம் இருக்கவேண்டும். மகளிர் சுய உதவிக் குழுவிலோ இளைஞரிலோ ஒருவரையும், அவர் இல்லாத நாளுக்கு மற்றொருவரையும் கிராம சபையில் தேர்ந்தெடுக்கலாம். இரண்டாவது, குறித்த நேரத்தில் எழுதவேண்டும். மாலை 6 மணி நல்லது, ஏனெனில் மறுநாள் வண்டியை அன்றிரவே ஏற்பாடு செய்யலாம். மூன்றாவது, தேதி, சந்தையின் பெயர், அளவு, தரம், விலை என்ற ஐந்தும் இல்லாமல் எதையும் எழுதலாகாது. அன்று செய்தி கிடைக்காவிட்டால் 'இன்று செய்தி இல்லை' என்று எழுதவேண்டும். நேற்றைய விலையை விட்டுவைக்கலாகாது. நான்காவது, பலகையில் எழுதியதை ஒரு நோட்டிலும் எழுதி வரவேண்டும். ஓராண்டு கழித்து அந்நோட்டைப் புரட்டினால், நம் ஊர்ப் பொருளுக்கு எந்த வாரத்தில் விலை ஏறும், எந்த வாரத்தில் இறங்கும் என்பது தெளிவாகும். இதைவிட நல்ல ஆலோசகர் வேறில்லை.

பலகையின் படத்தை ஊர்க் குழுவின் வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். அக்குழுவில் விலையும் வானிலையும் தவிர வேறெதுவும் வராதபடி பார்த்துக்கொள்ளவேண்டும். வாழ்த்தும் வம்பும் நிறைந்த குழுவில் விலை புதைந்துபோகும்.

நம் பொருளை அறிவித்தல்

இதுவரை கூறியது செய்தி வாங்குவது. இனிக் கூறுவது செய்தி கொடுப்பது. இதற்கு நம் ஊரே உதாரணம். 1934இல் பால் பிரண்டன் என்னும் ஆங்கிலேயர் எழுதி வெளியிட்ட ஒரு நூலின் வாயிலாக ரமண மகரிஷியைப் பற்றி மேல்நாட்டார் பலர் அறிந்தனர். 1964 முதல் ரமணாசிரமமே ஆங்கிலத்தில் பத்திரிகை ஒன்றை வெளியிட்டு வருகிறது. செங்கம் சாலைக்குப் பன்னாட்டார் வருவதற்கு எழுத்தின் வழியே பரவிய செய்தியும் ஒரு காரணம். உண்மையை, ஒழுங்காக, ஆண்டுக்கணக்கில் எழுதி வந்தால் உலகம் தேடி வரும் என்பதே இதிலிருந்து நாம் கற்கும் பாடம்.

ரமணாசிரமப் பகுதியில் மாதக்கணக்கில் வீடெடுத்துத் தங்கிச் சமைத்து உண்பவர் பலர். மார்கழி, தை மாதங்களில் இவர்கள் தொகை மிகும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் பெருங்கூட்டம் வரும். கார்த்திகைத் தீபத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவர்கள் கேட்கும் கைக்குத்தல் அரிசி, மரச்செக்குக் கடலை எண்ணெய், கீரை, ஜவ்வாது மலைச் சாமை, தேன் யாவும் நம் மாவட்டத்திலேயே கிடைக்கின்றன. ஆயினும் 10 கிலோமீட்டருக்கு அப்பால் அவற்றை விளைப்பவர் யார் என்பது வாங்குபவருக்குத் தெரியாது. வடகரையின் கதை இங்கும் நடக்கிறது.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒரு கைப்பேசியும் தெளிவான எழுத்தும் போதும். அறிவிப்பில் இருக்கவேண்டியவை: பொருள் என்ன, எந்த ஊரில் விளைந்தது, எவ்வாறு விளைவித்தோம், எவ்வளவு இருக்கிறது, விலை என்ன, எங்கே எந்நாளில் கிடைக்கும். பகல் வெளிச்சத்தில் எடுத்த ஒரு படம் சேர்க்கலாம். வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில் அறிவிக்கவேண்டும். தீர்ந்துவிட்டால் தீர்ந்தது என்றும் சொல்லவேண்டும். அப்படிச் சொல்பவரை மக்கள் மறுமுறை நம்புவர். செக்கிலிட்ட தேதியை எண்ணெய்ப் பாட்டிலில் எழுதுவது ஆயிரம் புகழ்ச்சிச் சொற்களுக்குச் சமம்.

மகளிர் குழுக்கள் 'மதி' என்னும் பெயரில் நடைபெறும் விற்பனை ஏற்பாடுகளையும் பயன்படுத்திக்கொள்ளலாம். உணவுப் பொருளை அடைத்து விற்போர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெறுவது அவசியம். இரசாயன உரமிட்ட பயிரை 'இயற்கை' என்று விளம்பரம் செய்வது பொய். ஒருவர் செய்யும் பொய் ஊர் முழுவதன் பெயரையும் கெடுக்கும். அங்ககச் சான்று வேண்டுவோர் அதற்குரிய அரசுத் துறையை அணுகலாம். கிரிவலப் பாதையில் கூவி விற்று யாத்திரிகருக்கு இடையூறு செய்வதும், பிளாஸ்டிக் பையைப் பாதையில் பெருக்குவதும் தகாதவை.

ஓர் எச்சரிக்கை

கைப்பேசியில் வருவதெல்லாம் செய்தி அன்று. 'நாளை விலை பாதியாகும்' என்ற வதந்தி ஒன்று ஊரையே அவசரமாக விற்கச் செய்துவிடும். எங்கிருந்து வந்தது, எந்தத் தேதியில் வந்தது என்று தெரியாததைப் பிறருக்கு அனுப்பாதீர்கள். பொருள் வாங்குவதாகக் கூறி, வங்கியிலிருந்து வந்த இரகசிய எண்ணைக் கேட்பவர் வியாபாரி அல்லர், திருடர். பணத்தைப் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் 1930 என்ற எண்ணுக்கு உடனே அறிவிக்கவேண்டும். தாமதமானால் பணத்தை மீட்பது கடினம்.

முடிவாக

கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றோடு விலைப் பலகையையும் ஒரு பொருளாகச் சேர்க்குமாறு பஞ்சாயத்துத் தலைவர்களையும் அங்கத்தினர்களையும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு கரும்பலகை, ஒரு நோட்டு, பொறுப்புள்ள ஒருவர், நாள்தோறும் அரை மணி நேரம்: செலவு இவ்வளவே. பெரியவரின் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசி பேரனின் குரலோடு அன்றைய விலையையும் கொண்டுவரட்டும். அடுத்த அறுவடையில் களத்துமேட்டுக்கு நான் செல்லும்போது, விலை என்னவென்று நான் கேட்கும் முன்பே, தேதியோடும் சந்தையின் பெயரோடும் அவர் எனக்குச் சொல்லவேண்டும் என்பதே என் விருப்பம்.